குங்குமப்பூ மேல் விழுந்த பழி

"டீச்சர், குங்குமப்பூவக் கூடப் போட்டா பிள்ளை இப்படிப் பொறக்குமா?"

வள்ளிக்கண்ணு இதைக் கேட்டபோது அறையின் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வெளியே உச்சி வெயில். உள்ளே வசம்பும் சாம்பிராணியும் கலந்த பிள்ளை பெற்ற வீட்டு வாசம். மடியில் கிடந்த குழந்தையின் தலையிலிருந்து துணியை மெல்ல விலக்கிக் காட்டினாள்.

தேங்காய்த் துருவல் நிறத்தில் முடி. புருவமும் இமை மயிரும்கூட அதே நிறம். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சரியாகப் பார்க்கலாம் என்று சன்னலை ஒரு விரற்கடை திறந்தேன். குழந்தை முகத்தைச் சுளித்துக் கண்களை இறுக மூடிக்கொண்டது. மறுபடி சாத்தியபின் திறந்தது. கருவிழிகள் ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தன.

நான் விலங்கியல் படித்தவள். வெள்ளை எலியைக் கூண்டில் பார்த்திருக்கிறேன், வெள்ளைக் காகத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன பெயர் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு தாய் மடியில் பார்த்தது அன்றுதான். பயந்துவிட்டேன். பயம் முகத்தில் தெரியாமல் இருக்கக் குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக் கொடுத்தேன்.

"குங்குமப்பூவுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அம்மாதான் ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரியுது. தாந்தான் பிள்ளையக் கெடுத்துட்டதா."

பினாங்கிலிருந்து வந்த டப்பா

எழுபதுகளின் முன்பாதி அது. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குள் நான் மிஸ். வாசலைத் தாண்டிவிட்டால் டீச்சர். குடியிருந்தது காத்தமுத்து அண்ணன் வீட்டின் முன்பகுதியில். கல்லல் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம் அவருடையது. கல்யாணமாகாத பெண், அதுவும் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாக எனக்குக் கை விரித்தபோது, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆட்டுக்கறி திம்பீகள்ல? அப்புறமென்ன, வாங்க." சாவி கைக்கு வந்துவிட்டது.

அவருடைய மனைவி சிவகாமி அக்கா. மகள் வள்ளிக்கண்ணு. அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது புதுவயலில், அண்ணனின் சொந்தத் தங்கை பொன்னம்மாளின் மகன் சேதுவுக்கு. அத்தை மகன்தான் மாப்பிள்ளை. அவர்களுக்கு அங்கே அரிசி ஆலை இருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வள்ளி தாய்வீடு வந்ததும் சிவகாமி அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சியிடம் சொல்லிவைத்து, அவர் கணவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த குங்குமப்பூ டப்பா ஒன்றை வாங்கிவிட்டார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். அன்றாடம் சூடான பாலில் இரண்டு இதழ் போட்டு, பால் மஞ்சளாகும் வரை கலக்கி, வள்ளி கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாளா என்று பக்கத்திலேயே நிற்பார். பால் மிஞ்சினால் எனக்கும் ஒரு தம்ளர் வரும். குடித்தேன். நான் இம்மியும் சிவக்கவில்லை. இதையாவது யாராவது கவனித்திருக்கலாம்.

குடித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிவகாமி அக்கா அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். ரேஷன் கடை வரிசையில், தண்ணீர்க் குழாயடியில், கோயில் பிரகாரத்தில். "எம் பேரன் தொரை மாதிரி வருவான், பாத்துக்கிட்டே இருங்க."

வந்தான்.

அதன்பின் அந்தம்மாளைத் தேற்ற யாராலும் முடியவில்லை. "நாந்தான், நாந்தான் கூட ரெண்டு இதழ் கிள்ளிப் போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பேறு பார்த்த லேடி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறான், வெயில் படாமல் வளர்க்க வேண்டும், பார்வை கொஞ்சம் மட்டாக இருக்கும், மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் காதில் வாங்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. கடைசியில் சிவகாமி அக்கா யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமே சொல்லிவிட்டார். சம்பந்தியிடம்.

பிள்ளை பார்க்க வந்த பொன்னம்மாள் உட்காரவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொண்டுவந்த வெள்ளி அரைஞாணைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தார். "பூவப் போட்டு எம் பேரனப் பாழாக்கிட்டீக. நீங்களே வச்சு வளங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பக்கத்து வழக்கம் இது: பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். மூன்றில் தோதுப்படாவிட்டால் ஐந்தில். மூன்றாம் மாதம் யாரும் வரவில்லை. ஐந்தும் தாண்டிவிட்டால் அந்தப் பெண்ணை அழைக்க ஊரில் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதை எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

எதிர் வீட்டு அம்மாளோ அதற்குள் வேறு கதையைத் தொடங்கியிருந்தாள். புதுவயல் மில்லுக்குப் பக்கம் எந்தத் துரை வந்து போனான் என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். வள்ளியின் காதுக்கும் அது வந்து சேர்ந்தது. அவள் அழவில்லை, சன்னலை மட்டும் சாத்திவிட்டாள். வெயிலுக்காகச் சாத்தியது பாதி, தெருவுக்காகச் சாத்தியது பாதி.

சேது இரண்டு முறை கொல்லைப் பக்கமாக வந்து போனதை நான் பார்த்தேன். ஆலையிலிருந்து அப்படியே சைக்கிள் மிதித்து வருவான். தவிட்டுத் தூசி படிந்து அவன் புருவமும் இமையும் வெளுத்திருக்கும். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது இரண்டு முகங்களும் ஒன்றாக இருக்கும். "அம்மா சொல்லாம நான் எப்படி டீச்சர் கூட்டிட்டுப் போறது?" என்பான்.

"தாலி கட்டுனது அம்மாவா, நீயா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அப்படிக் கேட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

தவளை அவருக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய தவளைக் கதையைப் படித்துவிட்டு, எங்கள் துறைத்தலைவர் நிஜமாகவே அவ்வளவு கோபக்காரரா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கோபம் அதிகம் கிடையாது. கண்ணால் காணாத எதையும் நம்ப மாட்டார், அவ்வளவுதான். வள்ளிக்குப் பிள்ளை பிறந்த அதே ஆண்டு பாடத்திட்டம் மாறி வந்தது. புதிதாக டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரத ஆக்கம் என்று ஒரு பகுதி. அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "தவளையை நான் பார்த்துக்கிறேன்மா. கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் நீங்க பாருங்க."

நான் திருச்சியில் படித்த காலத்தில் இதெல்லாம் அரைப் பக்கம். மரபணுக்கள் குரோமோசோமில் உள்ளன, முற்றும். எனவே முதலில் நானே மாணவியானேன். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, வரிக்கு வரி தமிழில் சொல்லிப் பார்த்தேன். முதல் வாரம் தலைவலிதான் மிச்சம். இரண்டாவது வாரம் திடீரென்று விளங்கியது. விளங்கியதும் சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிவகாமி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விளங்கியது இதுதான். உயிரணுவின் நடுவில் உட்கரு. அதற்குள் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு எழுதிய மிக நீண்ட வாசகம் அது. அந்த மூலம் உட்கருவை விட்டு வெளியே வருவதே இல்லை. எந்தப் பகுதி தேவையோ அதற்கு மட்டும் ஒரு படி எடுக்கப்படுகிறது. அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. அது வெளியே வந்து ரைபோசோம் என்ற சின்னஞ்சிறு பட்டறைக்குள் நுழைகிறது. அங்கே எழுத்துகள் மூன்று மூன்றாக வாசிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம் வருகிறது. வந்தவை ஒன்றோடொன்று கோக்கப்பட்டால் புரதம். அந்தப் புரதம் மடிந்து உருவம் பெற்று வேலைக்குப் போகிறது.

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் கண்ணில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே வாசகம். ஆனால் கல்லீரல் தனக்கு வேண்டியதை மட்டும் வாசிக்கிறது, கண் தனக்கு வேண்டியதை. மற்ற பக்கங்கள் மூடியே கிடக்கின்றன. பாடத்தில் அதற்கு மரபணு வெளிப்பாடு என்று பெயர் போட்டிருந்தார்கள்.

கதம்பம் கட்டிய வகுப்பு

கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இதையெல்லாம் சொன்னேன். மாணவிகள் மரியாதையாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்கள். மறுநாள் சந்தையில் உதிரிப் பூ வாங்கிக்கொண்டு போனேன். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, அரளி.

பொருள்கள் வைக்கும் சிறிய அறைதான் உட்கரு. அதற்குள் சுவரில் எழுத்துகளை வரிசையாக எழுதி ஒட்டியிருந்தேன். ஒருத்தி உள்ளே போய்ப் படி எடுத்து வர வேண்டும். சுவரிலிருந்து தாளைக் கிழிக்கக் கூடாது. இன்னொருத்தி அதை மூன்று மூன்று எழுத்தாக உரக்கப் படிக்க வேண்டும். எந்த மூன்றுக்கு எந்தப் பூ என்று மேசையில் விளக்கம் இருந்தது. மற்றவர்கள் அந்தந்தப் பூவை எடுத்து வந்து நீட்ட, நன்றாகப் பூக்கட்டத் தெரிந்த ஒருத்தி வாழைநாரில் தொடுக்க வேண்டும்.

வகுப்பு ஒரே இரைச்சல். ஒரு முழம் கதம்பம் அழகாக வந்தது. கட்டியவள் அதைத் தன் கொண்டையில் சுற்றியே காட்டிவிட்டாள். சரியாக ஒரு சுற்று.

பிறகு நான் சிறிய அறைக்குள் போய்ச் சுவரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன். இம்முறை நடுவில் வந்த மூன்றெழுத்து எந்தப் பூவையும் கேட்கவில்லை, நிறுத்து என்றது. நிறுத்தினார்கள். கால் முழம்தான் கையில் இருந்தது. கொண்டையில் சுற்றிப் பார்த்தாள், எட்டவில்லை. பூக்கள் அதே பூக்கள். கட்டியவள் கையும் அதே கை. படித்தவளும் பிழையாகப் படிக்கவில்லை. உள்ளே ஒரு எழுத்துதான் வேறு.

வாசலில் துறைத்தலைவர் நின்றார். "இது விலங்கியல் துறையா, பூக்கடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கால் முழத்தைப் பார்த்தபோது வள்ளியின் பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது.

ஒரே வீடு

தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் கறுப்பு தருவது மெலனின் என்ற நிறமி. அது தானாக வந்துவிடாது. அதை ஆக்கித் தர ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான வாசகம் நம் எல்லோரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டுமே கெட்டிருந்தால்தான் நிறமி வராது.

அன்று சாயங்காலமே வள்ளியிடம் சொன்னேன். அவளுக்குப் பள்ளி இறுதி வரை படிப்பு உண்டு. இடையிடையே கேள்வி கேட்டாள்.

"அப்ப மத்ததெல்லாம், டீச்சர்? கை, காலு, புத்தி?"

"எல்லாம் சரியா வாசிச்சிருக்குடி. நகத்தப் பாரு. பசிச்சா எப்படிக் கத்துறான் பாரு. ஒரே ஒரு எடத்துலதான் பெசகு."

"அந்த ஒரு எடத்தத் திருத்த முடியாதா?"

"முடியாது."

பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். "சரி, அப்படியே இருக்கட்டும். அயித்தை வராட்டிப் போகுது. எவளும் வந்து பாவம்னு மட்டும் சொல்லக் கூடாது இவன" என்றாள். அந்தப் பெண் மேல் எனக்கிருந்த மதிப்பு அன்று இரண்டு மடங்காயிற்று.

சிவகாமி அக்காவிடமும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் பிசைவார், சாப்பிட மாட்டார். "எனக்காகச் சொல்றீக டீச்சர். நல்லாருப்பீக" என்றார். ஒரு சொல்லையும் நம்பவில்லை. குற்றம் அவர் மேல் இல்லை என்று பொன்னம்மாள் வாயால் வராமல் அந்தம்மாளுக்கு விடுதலை இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

பொன்னம்மாளிடம் போய்ச் சொல்லலாம்தான். சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. கெட்ட பிரதி ஒன்று சேதுவிடம், ஒன்று வள்ளியிடம். சேதுவின் அம்மாவும் வள்ளியின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால் இருவருக்கும் பொதுவான வீடு ஒன்றுதான். அந்த வீட்டில் யாரோ ஒருவரிடம் இருந்த ஒற்றைப் பிழை அண்ணனிடம் ஒன்றாகவும் தங்கையிடம் ஒன்றாகவும் இறங்கி, பேரனிடம் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். சேதுவின் அப்பா வழியில் வந்திருக்கவே முடியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நூற்றில் தொண்ணூறு இப்படித்தான்.

எங்கள் வேதக்காரர்களிலும் இந்த உறவுக் கல்யாணம் உண்டு, ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். எனக்கும் ஒரு மாமன் மகன் இருந்தான். வீட்டில் பேசி முடித்து, எழுதிப் போட்டு, அனுமதியும் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை, கோயம்புத்தூரில் யாரையோ கட்டிக்கொண்டான். அப்போது அழுதேன். அந்த ஆண்டு பாடம் எடுத்தபோது அவனுக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

சரி, பொன்னம்மாளுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைத் திட்டினால் பொறுப்பார்கள், தங்களைத் திட்டினாலும் பொறுப்பார்கள். பிறந்த வீட்டை ஒரு சொல் சொன்னால் பொறுக்க மாட்டார்கள். குற்றம் உன் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று எப்படிப் போய்ச் சொல்வது? வள்ளிக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச வழியையும் நானே அடைத்துவிட்டால்?

புதுவயல் களம்

ஐந்தாம் மாதம் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் புதுவயல் பேருந்தில் ஏறினேன். வழியில் ஒரு பொய்யையும் தயார் செய்தேன். இது ஆண்டவன் சித்தம், யார் வழியிலும் வந்ததில்லை என்று சொல்லிவிடலாம். பூசை முடிந்த கையோடு பொய் சொல்லப் போகிறோமே என்று உறுத்தவும் செய்தது.

ஆலைக்குள் நுழைந்ததும் அவித்த நெல்லின் ஆவி முகத்தில் அடித்தது. களம் முழுக்க நெல் பரப்பியிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் காலால் துழாவிக்கொண்டே நடந்தார்கள். ஓரத்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பொன்னம்மாள். உயரமான மனுஷி. ஆலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல்.

"வாங்க டீச்சர். எங்கண்ணன் தூது அனுப்புனாகளாக்கும்?"

"யாரும் அனுப்பலக்கா. நானாத்தான் வந்தேன்."

"ஒக்காருங்க. மோரு குடிக்கிறீகளா?"

குடித்தேன். சண்டை எனக்கும் அவருக்கும் இல்லையே.

குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது என்று தொடங்கினேன். "மதினியே தன் வாயால சொல்லுச்சே" என்றார். "அக்கா பயத்துல சொன்னாக, அது தப்பு" என்றேன். பிறகு என் பூக்கதையை எடுத்தேன். உள்ளே இருக்கிற எழுத்து, வெளியே வருகிற படி, மூன்றெழுத்துக்கு ஒரு பூ. பாதி வரை கேட்டார். கையை நீட்டி நிறுத்தினார்.

"பூக்கட்டுற கதையெல்லாம் காலேசுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க டீச்சர். எனக்கு ஒன்னு மட்டும் தெரியணும். இது எங்குட்டு இருந்து வந்துச்சு?"

தயாராக வைத்திருந்த பொய் நாக்கு வரை வந்தது. அவர் கண்களைப் பார்த்தபின் அதைச் சொல்ல முடியவில்லை. அந்தக் கண்கள் பல நாள் தூங்கவில்லை. பேரனைத் தூக்காமல் வந்த நாளிலிருந்து இவரும் நிம்மதியாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டு பக்கமும் இருந்துக்கா. சேதுகிட்ட பாதி, வள்ளிகிட்ட பாதி. ரெண்டும் சேந்தாத்தான் இப்படி. ஒத்தப் பாதி இருந்தா வெளிய தெரியவே தெரியாது."

"சேதுவுக்கு யாரு குடுத்தா?"

"அநேகமா நீங்க."

"அவளுக்கு?"

"அவுக அப்பா."

களத்தில் காகங்கள் இறங்கின. வழக்கமாக ஒரு அதட்டலில் விரட்டுகிறவர், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப எங்க வீடு."

"குத்தம் இல்லக்கா இது. யாரும் வேணும்னு குடுக்குறதில்ல. எல்லா வீட்டுலயும் இந்த மாதிரி ஏதாவது ஒன்னு ஒளிஞ்சு கெடக்கும். எங்க வீட்டுலயும் இருக்கும்."

"எங்கய்யா வழியா, எங்காத்தா வழியா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"இத வேற யாருகிட்ட சொன்னீக?"

"இந்த வீட்டுச் சங்கதிய யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாதீக" என்றார். எழுந்து களத்துக்குள் இறங்கிவிட்டார். போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

பேருந்தில் திரும்பும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன். யார் கேட்டார்கள் உன்னை? வாடகைக்கு இருக்கிறவள், வாடகைக்கு இருக்க வேண்டியதுதானே? வள்ளியின் முகத்தைப் பார்க்கவே கூசியது. போனேன் என்றும் சொல்லவில்லை, வந்தேன் என்றும் சொல்லவில்லை.

தெருவில்

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வளர்பிறை நாள் காலையில், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், வாசலில் அந்தக் குரலைக் கேட்டேன்.

"அண்ணே!"

பொன்னம்மாள் நின்றார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். பின்னால் சேது, கையில் தாம்பாளம். தேங்காய், பழம், பூ, மடித்த புதுச்சேலை.

காத்தமுத்து அண்ணன் வா என்று சொல்லவில்லை. நிலையில் கையை வைத்து மறித்தபடி நின்றார். "அன்னைக்கிச் செருப்ப மாட்டிக்கிட்டுப் போனவ இன்னைக்கி எதுக்கு வந்த?"

"எம் பேரனக் கூட்டிட்டுப் போக வந்தேன். கைய எடு."

அவர் எடுக்கவில்லை. தங்கை அண்ணனுக்கு நெருக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரலே எனக்கு நன்றாகக் கேட்டது. "அண்ணே, இது மதினி வீட்டுல இருந்து வந்தது இல்ல. நம்ம வீட்டுல இருந்து வந்தது. ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி. டீச்சரக் கேளு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது, கை தானாக இறங்கியது.

பொன்னம்மாள் நேரே வள்ளியின் அறைக்குள் போனார். குழந்தையைத் தூக்கிக் கையில் கிடத்திக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "மூக்கு எங்கய்யா மூக்குல்ல. அன்னைக்கி நான் இத எங்க பாத்தேன்? வெள்ளையத்தான பாத்தேன்" என்றார். கண்ணிலிருந்து நீர் குழந்தை மேல் சொட்டியது. அது காலை உதைத்துக்கொண்டது.

சிவகாமி அக்கா கதவோரம் நின்று விசும்பினார். "பொன்னு, நாந்தான் அந்தப் பூவ..."

"சும்மா இரு மதினி. பிள்ளைக்கு நெறத்தப் போடவும் எடுக்கவும் ஒனக்கு அம்புட்டுச் சாமர்த்தியம் எங்க இருந்து வந்துச்சு? மீன்கொழம்புக்கு உப்புப் போடத் தெரியாது ஒனக்கு."

வள்ளிதான் முதலில் சிரித்தாள். பிறகு அவள் அம்மா, அழுகையோடு அழுகையாக. அன்று காலை சிவகாமி அக்கா நான்கு இட்லி சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன். கல்லூரிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ராகு காலத்துக்கு முன்பே கிளம்பினார்கள். பேருந்து நிறுத்தம் தெருக்கோடியில். குழந்தையை வள்ளி வாங்கிக்கொள்ள வந்தாள், பொன்னம்மாள் கொடுக்கவில்லை. தானே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வழியனுப்ப நாங்கள் வாசலில் நின்றோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது.

எதிர் வீட்டு அம்மாள் இரண்டு படி இறங்கியே வந்துவிட்டாள். "என்ன பொன்னம்மா, பேரன் வெள்ளைக்காரன் கணக்கா இருக்கான்?"

வள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்ட பொன்னம்மாள், நடுத்தெருவில் நின்றார். முந்தானையை எடுத்துப் பிள்ளையின் கண்ணுக்கு வெயில் படாமல் பிடித்தார். தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எங்கய்யா வழியில இப்படித்தான் பொறக்கும். ஒங்க வழியில எப்படி?"

அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொன்னம்மாள் பேரனோடு முன்னால் நடந்தார், வள்ளியும் சேதுவும் பின்னால் போனார்கள். அவர்கள் பேருந்தில் ஏறும் வரை நான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.